கேம் கணினியில் பிரிண்ட் இல்லை: ஏற்காட்டுக் காபித்தூள் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டில் காபித்தூளும் மிளகும் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு குடும்பத்தில் நடந்தது இது. வீட்டுக் கணினி கெட்டுப்போனதும் மகனுடைய கையடக்க கேம் கணினியை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கணக்கு, கடிதம், லேபிள் டிசைன் எல்லாம் அதில் நடந்தது, பிரிண்ட் மட்டும் நிலைக்கவில்லை. சேலத்தில் கணினி பழுது பார்க்கும் தொழில் செய்கிற என்னை, கோடை விழா நெருங்கிய நேரத்தில் கூப்பிட்டார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். இந்த மாதிரிக் கருவியை மானிட்டரில் மாட்டி மேசைக் கணினியாக ஓட்டுகிறவர்களைச் சேலத்திலும் அங்கங்கே பார்க்கிறேன். அவர்களுக்கு இது உதவும்.

பின்னணி

தோட்டம் சிறியது. நிழல் மரங்களுக்கு அடியில் அரபிகா காபி, அந்த மரங்களிலேயே ஏறும் மிளகுக் கொடி. நவம்பரில் இருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. விளைச்சலில் பெரும்பகுதி கொட்டையாகவே வியாபாரிக்குப் போய்விடும். மீதியை வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு விற்பது அம்மாவின் பொறுப்பு. ஏற்காட்டு ரோட்டோரக் கடைகள், சில ஹோம்ஸ்டேக்கள், சேலத்தில் தெரிந்த மளிகைக் கடைகள், இவைதான் வாடிக்கை. வருடத்தில் அதிகம் விற்பது மே மாதத்தில். கோடை விழாவுக்கு மலையேறும் கூட்டம் இறங்கும்போது கையில் ஒரு காபித்தூள் பாக்கெட்டாவது இருக்கும்.

பாக்கெட்டில் லேபிள் இல்லாமல் விற்க முடியாது. பொருளின் பெயர், நிகர எடை, பாக்கெட் போட்ட மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பவரின் முகவரி, புகாருக்கான தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். இது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்வது. எழுத்தின் உயரத்துக்குக்கூட அதில் அளவு உண்டு. உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் சேரும். சிக்கரி கலந்த தூள் என்றால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகப் போட வேண்டும். இத்தனையும் ஒரு சின்ன ஸ்டிக்கருக்குள் அடங்க வேண்டும். இந்தக் குடும்பம் வாங்குவது ஏ4 தாளில் 24 ஸ்டிக்கர் வரும் ஷீட், ஒவ்வொன்றும் 64-க்கு 34 மில்லிமீட்டர்.

லேபிள் அடித்துக்கொண்டிருந்தது வீட்டிலிருந்த பழைய மேசைக் கணினி. ஏப்ரல் மாத இடிமழை ஒன்றில் அது போய்விட்டது. ஏற்காட்டில் கோடை இடி எப்படி இறங்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மதர்போர்டு கருகி, பவர் சப்ளையும் போயிருந்தது. ஹார்ட் டிஸ்க் தப்பியது. பிரிண்டர் அன்று பிளக்கில் இல்லாததால் அதுவும் தப்பியது. அது யூஎஸ்பி கேபிள் மட்டும் உள்ள பழைய கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர். டோனர் நிரப்ப சேலத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் முடியும்.

மகன் சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். வெளிநாட்டிலிருக்கும் மாமா வாங்கி வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கணினி அவனிடம் இருந்தது. இங்கே கடைகளில் எளிதில் கிடைக்காத கருவி அது. ஒரு டாக் (பல கேபிள்களைச் சேர்த்து மாட்டும் இணைப்புப் பெட்டி), பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மாட்டி, அதை வீட்டுக் கணினியாக்கிக் கொடுத்தான். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைப் போட்டு, பழைய டிஸ்க்கிலிருந்து கணக்குகளையும் லேபிள் கோப்பையும் எடுத்து வைத்தான். அம்மாவுக்கு இரண்டே நாளில் கை பழகிவிட்டது.

முதல் முயற்சியும் அப்டேட்டும்

பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் பிரிண்டரே தெரியவில்லை. பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வழி மட்டும் இருந்தது. மகன் இணையத்தில் தேடி, கருவியின் பூட்டைத் திறந்து, பிரிண்ட் சேவையையும், பிரிண்டருக்குப் புரியும்படி வேலையை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற நிரலையும் நிறுவினான். கற்றுக்கொண்டு கவனமாகச் செய்த வேலை அது. பிரிண்ட் வந்தது, சில வாரங்கள் ஓடியது.

மே மாத நடுவில், அம்மா ஒரு சாயங்காலம் கருவியை ஆன் செய்தபோது அப்டேட் கேட்டது. சரி என்று கொடுத்தார். மறுநாள் காலையில் பிரிண்டர் மறுபடி காணோம். மகன் கல்லூரித் தேர்வில் இருந்தான். கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கெட்டுகள் தூள் நிரப்பி, வாய் ஒட்டி, லேபிள் இல்லாமல் அட்டைப்பெட்டியில் கிடந்தன.

“தம்பி, கணக்கு எல்லாம் அப்படியே இருக்குதுங்க. பிரிண்டர் மட்டும் எங்க போச்சுன்னே தெரியல” என்று அம்மா என்னிடம் போனில் சொன்னார். கோப்புகள் இருக்கின்றன, பிரிண்டர் மட்டும் இல்லை என்று அவர் பிரித்துச் சொன்னதே பாதி நோயறிதல்.

நேரில் பார்த்தது

முதலில் கேபிள். யூஎஸ்பி கருவிகளின் பட்டியலைக் கேட்டால் பிரிண்டரின் பெயர் ஒழுங்காக வந்தது. ஆக கேபிள், டாக், பிரிண்டர் மூன்றிலும் பழுதில்லை. அடுத்து பிரிண்ட் சேவை ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடாமல் நின்றிருக்கவில்லை, அந்த சேவையே நிறுவப்பட்டிருக்கவில்லை. டெஸ்க்டாப்பின் அமைப்புகளில் பிரிண்டருக்கான பக்கமும் இல்லை. மகன் சேர்த்த டிரைவரும் இல்லை. ஆனால் பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டுக் கோப்புறையில் (ஹோம்) ஒரு கோப்புகூடக் குறையவில்லை.

பிரிண்ட் எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். லிப்ரே ஆபீஸ் நேராகப் பிரிண்டரோடு பேசுவதில்லை. நடுவில் கப்ஸ் என்ற சேவை இருக்கிறது. 1999-இல் வெளிவந்தது, 2002-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கு எடுத்துக்கொண்டது, இன்று விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் எல்லோரும் நம்பியிருப்பது அதைத்தான். அரவை மில்லில் டப்பாவை வாங்கிப் பெயர் எழுதி, வரிசையில் வைத்து, காபிக்கு எந்த மெஷின், மிளகாய்க்கு எந்த மெஷின் என்று தெரிந்து போடுகிறவர் ஒருவர் இருப்பாரே, கப்ஸ் செய்வது அந்த வேலை. அவர் இல்லாத மில்லில் மெஷின் இருந்தும் மாவு வராது.

ஸ்டீம் டெக்கில் ஓடுவது ஸ்டீம்ஓஎஸ். ஆர்ச் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து, ஸ்டீம் டெக்கைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் செய்தது. கருவி 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. கேம் விளையாடச் செய்த கருவி என்பதால், இந்த வீட்டில் இருந்த பதிப்பில் கப்ஸ் சேர்க்கப்படவில்லை. டெஸ்க்டாப் முறைக்கு மாறினால் கேடிஇ பிளாஸ்மா என்ற திரைச்சூழல் வரும், அது முழுக் கணினி போலவே தெரியும். அதனால்தான் பிரிண்டும் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

அப்டேட்டில் என்ன நடந்தது என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஸ்டீம்ஓஎஸ்ஸின் அடிப்படைப் பகுதி படிக்க மட்டும் திறந்த பகுதி, சாதாரணமாக எழுத முடியாது. அப்படி இரண்டு பகுதிகள் உள்ளே உண்டு. அப்டேட் வந்தால், இப்போது ஓடாத பகுதியில் புதிய அடிப்படை முழுதாக எழுதப்படும், அடுத்த முறை ஆன் செய்யும்போது கருவி அதிலிருந்து எழும். பழைய பகுதியில் நாம் பூட்டைத் திறந்து எதைச் சேர்த்திருந்தாலும் புதியதில் அது இருக்காது. வீட்டுக் கோப்புறை தனி என்பதால் கணக்குகள் தப்பின. இந்த ஏற்பாட்டை நான் குறையாக நினைக்கவில்லை. அப்டேட் நடுவில் கரண்ட் போனாலும் பழைய பகுதி பத்திரமாக இருக்கும், கருவி செத்துப்போகாது. ஏற்காட்டு மின்சாரத்தை வைத்துப் பார்த்தால் இது பெரிய பாதுகாப்பு.

உடனடித் தேவை: கோடை விழா லேபிள்

நிரந்தரத் தீர்வு பிறகு, முதலில் பாக்கெட் வெளியே போக வேண்டும். பிடிஎஃப் எடுக்க முடிகிறது. எனவே அதை வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி, ஸ்டிக்கர் ஷீட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

இங்கே இரண்டு சிக்கல்கள் வந்தன. முதலாவது எழுத்துரு. பழைய லேபிள் கோப்பு விண்டோஸில் வரும் தமிழ் எழுத்துருவில் செய்தது. ஸ்டீம் டெக்கில் அது இல்லாததால் வேறொன்று அதன் இடத்தில் உட்கார்ந்து, எழுத்துகள் அகலமாகி, முகவரி வரி மடங்கி விலை வரியைக் கீழே தள்ளியிருந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வீட்டுக் கோப்புறைக்குள் போட்டு, லேபிளை அதிலேயே மறுபடி அமைத்தேன். வீட்டுக் கோப்புறையில் இருப்பதால் அப்டேட் அதைத் தொடாது.

இரண்டாவது சிக்கல், அளவு. இது ஸ்டிக்கர் ஷீட் அடிக்கிற எல்லோருக்கும் வருவது. கடைக் கணினியில் பிரிண்ட் கொடுக்கும்போது தாளுக்குப் பொருத்து என்ற தேர்வு பெரும்பாலும் ஏற்கெனவே போட்டிருக்கும். அது பக்கத்தைச் சுமார் 97 சதவீதமாகச் சுருக்கும். சாதாரணக் கடிதத்தில் கண்ணுக்குத் தெரியாது. 24 ஸ்டிக்கர் ஷீட்டில் எட்டு வரிசை, மொத்த உயரம் 272 மில்லிமீட்டர். சுருங்கும்போது நடுவரிசைகள் கிட்டத்தட்ட தன் இடத்தில் இருக்கும். மேல் வரிசை 4 மில்லிமீட்டர் கீழே இறங்கும், கடைசி வரிசை அதே அளவு மேலே ஏறும். முதலில் அடித்த ஷீட்டில் அப்படித்தான் ஆனது. நடுவில் இருந்த ஸ்டிக்கர்கள் சரி. மேல் வரிசையில் உரிம எண் வெட்டுக்கோட்டுக்கு வெளியே போய் அடுத்த ஸ்டிக்கரின் தலையில் உட்கார்ந்தது. கடைசி வரிசையில் பொருளின் பெயர் பாதியாக வெட்டுப்பட்டது. அப்படி ஒரு பாக்கெட் கடையில் இருந்து, பரிசோதனைக்கு வருகிறவர் கையில் எடுத்தால் பதில் சொல்ல வேண்டியது அம்மாதான்.

அதனால் லேபிள் பக்கத்தின் இடது ஓரத்தில், ஸ்டிக்கருக்கு வெளியே இருக்கும் வெற்று இடத்தில், சரியாக 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றைச் சேர்த்தேன். முதலில் வெள்ளைத் தாளில் ஒரு பிரதி எடுத்து, கோட்டை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். 100 வந்தால் ஸ்டிக்கர் ஷீட் போடலாம். 97 வந்தால் உண்மை அளவு என்று மாற்றி மறுபடி வெள்ளைத் தாள். வெள்ளைத் தாளை ஸ்டிக்கர் ஷீட்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரிந்துவிடும். கடைக்காரரும் பொறுமையாக ஒத்துழைத்தார். கோடை விழாவுக்குத் தேவையான லேபிள்கள் நேரத்துக்கு வந்துவிட்டன.

ஆனால் ஒவ்வொரு முறையும் இறங்கி, பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, கடையில் காத்திருந்து எடுப்பது பாக்கெட் போடுகிற வேலையோடு ஒத்துப்போகாது. வறுத்த தூள் வாசம் போவதற்குள் பாக்கெட்டுக்குள் போக வேண்டும், லேபிளும் அன்றே ஒட்டியாக வேண்டும்.

எதை ஏற்றோம், எதை விட்டோம்

மகனின் எண்ணம் முதல் வழியையே திரும்பச் செய்வது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் கப்ஸை மறுபடி நிறுவும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி வீட்டுக் கோப்புறையில் வைத்துவிட்டால், அம்மா அதை ஒருமுறை அழுத்தினால் போதும் என்றான். தொழில்நுட்பமாக அது முடியும். நான் வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் உண்டு. பூட்டைத் திறப்பது, இறக்கும் மென்பொருள் தொகுப்புகள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் சாவிகளைப் புதுப்பிப்பது, இணையத்திலிருந்து இறக்குவது என்று அந்த ஸ்கிரிப்ட் செய்வது பல படிகள். எந்தப் படியில் நின்றாலும் அம்மா முன்னால் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி நிற்கும். மழைக்காலத்தில் ஏற்காட்டில் இணையம் போய்விட்டால் அன்றைக்கு லேபிள் இல்லை. அப்டேட் எப்போது வரும் என்பதும் நம் கையில் இல்லை. வருமானத்துக்கு நம்பியிருக்கும் ஒன்றை, மாற்றிக்கொண்டே இருக்கும் பகுதிக்குள் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விண்டோஸ் போடலாமே என்று அப்பா கேட்டார். போடலாம். ஆனால் மகன் விளையாடும் ஏற்பாடு குலையும், உரிமம் வாங்க வேண்டும், இருக்கிற சேமிப்பு இடமும் பங்கு போடப்படும். அதையும் விட்டோம். புதிய வைஃபை பிரிண்டர் நல்ல யோசனைதான். ஆனால் ஓடுகிற பிரிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து இலக்கத்தில் செலவு செய்யும் நிலை அந்த மே மாதத்தில் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்ன ஒன்றுதான் முடிவைத் திருப்பியது. “ஜூன்ல காலேஜ் திறந்தா இவன் இத எடுத்துட்டுப் போயிருவானுங்களே. அப்புறம் நான் எதுல அடிக்கறது?”

அதுவரை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது, ஸ்டீம் டெக்கைப் பிரிண்ட் எடுக்க வைப்பது எப்படி என்று. கருவி வாரத்தில் ஐந்து நாள் சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கப் போகிறது. பிரிண்டர் ஏற்காட்டில், தூளும் பாக்கெட்டும் ஏற்காட்டில், லேபிள் ஒட்டுகிற கையும் ஏற்காட்டில். ஸ்டீம் டெக்கில் கப்ஸ் என்றென்றைக்கும் நிலைத்து நின்றாலும் இந்த வீட்டின் பிரச்சினை தீராது. பிரிண்ட் சேவை எந்தக் கருவிக்குள்ளும் இல்லாமல், வீட்டில், பிரிண்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வருகிற கருவி எதுவானாலும், அம்மாவின் போன் உட்பட, வைஃபை வழியாக அதனிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

செய்த ஏற்பாடு

ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறிய போர்டுக் கணினியைத் தேர்ந்தெடுத்தேன். 2021-இல் வந்தது, 512 எம்பி நினைவகம், வைஃபை உள்ளேயே இருக்கிறது. பிரிண்டர் பங்கிட அது தாராளம். போர்டு, மெமரி கார்டு, அடாப்டர், ஓடிஜி கேபிள் எல்லாம் சேர்த்தும் புதிய வைஃபை லேசர் பிரிண்டரின் விலையில் கால் பங்கு ஆகவில்லை. அதில் அதற்கான லினக்ஸையும், கப்ஸையும், நெட்வொர்க்கில் தன்னை அறிவித்துக்கொள்ளும் அவாஹி சேவையையும் நிறுவினேன்.

வாங்குவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. ராஸ்பெரி பையின் பிராசஸர் ஏஆர்எம் வகை, சாதாரணக் கணினியில் இருப்பதிலிருந்து வேறுபட்டது. பழைய லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்கு நிறுவனம் தந்த லினக்ஸ் டிரைவர் சாதாரணக் கணினிக்கு மட்டும் ஓடும், மூல நிரலும் கிடைக்காது. அப்படிப்பட்ட பிரிண்டர் என்றால் இந்த வழி அடைபட்டிருக்கும். இந்த வீட்டுப் பிரிண்டருக்குத் திறந்த மூல டிரைவர் இருந்தது, ராஸ்பெரி பைக்கான (இனி சுருக்கமாக ‘பை’) தொகுப்பாகவும் கிடைத்தது. இதே ஏற்பாட்டை நினைக்கிறவர்கள் போர்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் தங்கள் பிரிண்டரின் மாடலைத் தேடி இதைப் பார்த்துவிட வேண்டும்.

அம்மாவின் போனில் எதுவும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. ஆண்ட்ராய்டு 8-லிருந்து போனிலேயே பிரிண்ட் சேவை உண்டு. வைஃபையில் ஐபிபி என்ற பொதுவான பிரிண்ட் முறையில் தன்னை அறிவிக்கும் பிரிண்டரை அது தானே கண்டுபிடிக்கும். பிடிஎஃப்பைத் திறந்து, பிரிண்ட் தொட்டார், பிரிண்டர் பெயர் வந்தது. 100 மில்லிமீட்டர் கோட்டை அளந்தோம். அவர் போனில் பிடிஎஃப் திறக்கும் ஆப் சுருக்கி அனுப்பியது. வேறொரு ஆப்பில் திறந்ததும் அளவு சரியாக வந்தது, அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஸ்டீம் டெக் பக்கம், அடிப்படையைத் தொடவே இல்லை. 3.5 பதிப்பிலிருந்து ஸ்டீம்ஓஎஸ்ஸில் டிஸ்ட்ரோபாக்ஸ் இருக்கிறது. வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே இன்னொரு லினக்ஸை ஒரு பெட்டி போல ஓட்டலாம். அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, அதற்குள் லிப்ரே ஆபீஸை நிறுவினேன். கப்ஸுக்கு ஒரு வசதி உண்டு: சேவை இதே கருவியில் ஓட வேண்டிய அவசியமில்லை. வீட்டுக் கோப்புறையில் ஒரு சின்ன அமைப்புக் கோப்பில் சர்வர் இன்ன முகவரியில் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதினால், நிரல் அங்கே போய்ப் பேசிக்கொள்ளும். போர்ட் எண், அதாவது நெட்வொர்க்கில் கப்ஸின் வாசல் எண், 631. பெட்டியும் அந்த ஒரு வரியும் வீட்டுக் கோப்புறையில் இருப்பதால் அப்டேட் எத்தனை வந்தாலும் அவை அங்கேயே இருக்கும்.

யூஎஸ்பி பிரிண்டரையே டாக்கில் மாட்டி, பெட்டிக்குள் கப்ஸை ஓட்டியிருக்கலாமே என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. சாதாரணப் பயனராக ஓடும் பெட்டிக்கு யூஎஸ்பி கருவியைத் தொடும் அனுமதியும், கப்ஸின் 631 போல 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்கும் அனுமதியும் இயல்பாக இருக்காது. அவற்றைக் கொடுக்கப் போனால் மறுபடி அடிப்படையில் கை வைக்க வேண்டும்.

லேபிள் கோப்பிலும் ஒரு மாற்றம். மாதம், வருடம் மட்டும் மாறிக்கொண்டே இருப்பது. அதற்காக ஒவ்வொரு முறையும் கோப்பைத் திருத்தினால் அம்மா மகனை நம்பியிருக்க வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டு, தேதி மாற்றும் ரப்பர் ஸ்டாம்பில் குத்துவது என்று வைத்தோம். தேதிக்கு ஏற்ற இடம் ஸ்டிக்கரின் வலது கீழ் மூலையில் ஒதுக்கப்பட்டது. இது அம்மாவின் யோசனை.

பிறகு நடந்தது

ஜூனில் மகன் கருவியோடு சேலம் போனான். ஏற்காட்டில் போனிலிருந்தே லேபிள் அடிக்கப்பட்டது. வார இறுதியில் அவன் வந்து டாக்கில் மாட்டும்போது கணக்கு விவரங்களும் பில்லும் ஸ்டீம் டெக்கிலிருந்தே பிரிண்ட் ஆனது. அதன் பிறகு ஸ்டீம்ஓஎஸ் அப்டேட்டுகள் வந்தன. பிரிண்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தடங்கலே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஸ்டீம் டெக்கிலிருந்து பிரிண்ட் போகவில்லை, போனிலிருந்து போனது. ரவுட்டர் அணைந்து எழும்போது பைக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிட்டது. போன் அறிவிப்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பதால் அதற்குப் பாதிப்பில்லை. ஸ்டீம் டெக்கில் நாம் எழுதிய வரி பழைய முகவரியையே தேடிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் பைக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கியதும் தீர்ந்தது.

அதே மின்வெட்டு இன்னொன்றையும் யோசிக்க வைத்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெட வாய்ப்பு உண்டு. எல்லாம் ஒழுங்காக ஓடுவது உறுதியான பிறகு, பையின் அமைப்பில் உள்ள ஓவர்லே வசதியைப் போட்டு அடிப்படையைப் படிக்க மட்டும் என்று பூட்டினேன். இனி எத்தனை முறை சட்டென்று அணைந்தாலும் எழும்போது அதே நிலையில் எழும். வரிசையில் நின்ற பிரிண்ட் வேலை மட்டும் போய்விடும், மறுபடி கொடுத்துக்கொள்ளலாம். ரவுட்டருக்கு இருந்த மினி யூபிஎஸ்ஸில் 5 வோல்ட் யூஎஸ்பி வெளியீடும் இருந்ததால் பையையும் அதில் மாட்டினோம். பிரிண்டருக்குக் கரண்ட் வேண்டும்தான், அதற்கு வழியில்லை.

இடி இறங்கும் நாளில் பிரிண்டரையும் மானிட்டரையும் பிளக்கிலிருந்து கழற்றும் வேலை இப்போது அப்பாவுடையது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இது போன்ற அழைப்பு வந்தால் கருவியைப் பற்றிக் கேட்பதற்கு முன், யார் பிரிண்ட் எடுக்கிறார்கள், அவர்கள் கையில் எப்போதும் இருக்கும் கருவி எது என்று கேட்க வேண்டும். இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கான பதில் போன் என்று வந்ததும் மற்ற எல்லாம் வரிசையாக விழுந்தன.

கையடக்க கேம் கணினியை வேலைக்கு எடுக்கிறவர்கள், பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் பிரிண்ட், ஒரு ஸ்கேன், ஒரு தமிழ்க் கோப்பு மூன்றையும் புதியதில் செய்து பார்த்துவிட வேண்டும். இந்த வீட்டுக்கு இடி அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. இவர்களிடம் ஸ்கேனர் இல்லாததால் அந்தப் பக்கம் நான் போகவில்லை, ஆனால் ஸ்கேனுக்கும் அடிப்படையில் ஒரு சேவை வேண்டும் என்பதால் அதே கேள்விகள் அங்கேயும் எழும்.

லேபிள் கோப்புகளின் பிடிஎஃப் பிரதிகள், ஸ்டீம் டெக்கில் செய்த படிகள், பையின் மெமரி கார்டின் முழு நகல் மூன்றும் இப்போது ஒரு பென் டிரைவில் அம்மாவின் பீரோவில் இருக்கின்றன. படிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தது மகன். நான் இல்லாவிட்டாலும் கணினி தெரிந்த யாரும் அதைப் பார்த்துத் திரும்பச் செய்யலாம்.

பிரிண்டரின் டிரம் தேய்ந்துகொண்டிருக்கிறது, பக்கத்தின் ஓரத்தில் மெல்லிய கோடு விழ ஆரம்பித்துவிட்டது. அடுத்து வாங்கும்போது பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று போட்டிருக்கும் பிரிண்டராகப் பார்த்து வாங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். அந்த வகைக்குத் தனி டிரைவர் வேண்டாம், போன் அதனோடு நேராகவே பேசும். அப்போதும் பையை எடுக்கப் போவதில்லை. ஸ்டீம் டெக்கில் எழுதிய அந்த ஒரு வரி பையின் முகவரியைத்தான் தேடுகிறது. பையில் பிரிண்டரை மட்டும் மாற்றிக்கொண்டால் கருவியில் ஒன்றும் தொட வேண்டியிருக்காது.